விரல் நோகாத கிட்டார்

ஒரு மனிதன் கிட்டார் கற்றுக்கொள்ள என்ன வேண்டும்? ஒரு கிட்டார் வேண்டும். இரண்டு கை வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் காது மந்தமாக இருந்தால் இன்னும் விசேஷம். இவ்வளவுதான் என்று நீங்களும் நானும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இந்தக் கதையில் வரும் மருந்துக்கடைக்காரரும் அப்படி நினைத்தவர்தான், பாவம். அந்த நினைப்பில் மண்ணைப் போடுவதற்கென்றே ஒரு நிலையம் நடக்கிறது என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

மனிதர் அதுவரை எந்த வாத்தியத்தையும் தொட்டவரில்லை. மாத்திரை அட்டையைக் கத்தரிப்பதும் டாக்டர்களின் கோழிக்கிறுக்கலைப் படிப்பதும்தான் அவருக்குத் தெரிந்த கலை. வெளியூரில் வேலை பார்க்கும் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, அவள் போனில் ஒரு வேண்டுகோள் வைத்த அன்று பிடித்தது சனி.

"அப்பா, எனக்கு நீங்க நகை நட்டு எதுவும் வாங்க வேணாம். ஆனா ஒண்ணு கேப்பேன். முடியாதுன்னு சொல்லக் கூடாது."

"கேளும்மா."

"சின்ன வயசுல எனக்கு மூச்சு வாங்கும்போது தோள்ல போட்டுக்கிட்டு ஒரு மெட்டு முனகுவீங்களே. வார்த்தையே இல்லாம, சும்மா 'ம்ம் ம்ம்'னு. அதைக் கல்யாணத்தன்னிக்கு சாயங்காலம் நீங்க வாசிக்கணும். என் கிட்டார்ல."

"எனக்கு அதைப் பிடிக்கவே தெரியாதேடா கண்ணு!"

"கத்துக்கங்க. அதான் நிறைய நாள் இருக்கே."

சரியென்று சொல்லிவிட்டு மருந்துக்கடைக்காரர் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த மெட்டை அவர் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. குழந்தையின் நெஞ்சு விசில் அடிக்கிற பயத்தில் அவர் வாயிலிருந்து தானாக வந்தது அது. கடை நிறைய மருந்து இருந்தும், ஊசி போட்ட பிறகும், அந்த முனகலைக் கேட்டால்தான் அவளுக்கு மூச்சு சீராகும். இத்தனை வருஷம் கழித்து அவள் அதை ஞாபகம் வைத்திருக்கிறாளே! பீரோ மேல் கிடந்த கிட்டாரை இறக்கித் துடைத்தார். அதன் வயிற்றில் மகள் காலேஜில் படிக்கும்போது ஒட்டிய மஞ்சள் வாத்து ஸ்டிக்கர் இன்னும் உரியாமல் இருந்தது.

கடைத்தெருவில் செருப்புக்கடைக்கு மேல் மாடியில் "விரல் நோகாத கிட்டார் உயர்கல்வி நிலையம்" என்று பலகை மின்னிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கதவு, குளிரூட்டிய ஹால், ஆளை முழுங்குகிற சோபா. கூட மனைவியும் வந்திருந்தாள். அவள் அழகு நிலையம் வைத்திருப்பவள். நாள் முழுக்கப் பிறர் முகத்தில் க்ரீம் தேய்த்துத் தேய்த்து அவள் விரல்கள் பட்டு மாதிரி ஆகியிருந்தன. இந்தத் தகவலைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வரவேற்பறைப் பெண் ஒரு சின்னக் கருவியை நீட்டினாள். "சார், இடது கை ஆள்காட்டி விரலை இதுல வைங்க. இனிமே வருகைப்பதிவு, பாடம், பரீட்சை எல்லாமே இந்த விரல்தான்."

விரலை வைத்தார். "வருக வருக! உங்கள் தோல் மிக அருமை!" என்று கருவி தேன் ஒழுகப் பேசியது.

"அவசரத்துக்குக் காப்பாளர் விரல் ஒண்ணும் வேணும் சார்."

"காப்பாளரா? எனக்குத் தலை நரைச்சாச்சும்மா."

"யாரா இருந்தாலும் வேணும் சார். விதிமுறை."

மனைவி விரலை வைத்தாள். கருவி ஒரு நொடி மூச்சு விடாமல் இருந்துவிட்டு, "வருக வருக வருக! ஆஹா!" என்றது. "மெஷினுக்கே தெரியுது பாருங்க, உங்களுக்குத்தான் தெரியல" என்று மனைவி கணவரை இடித்தாள்.

பிரின்சிபால் அறைக்கு அழைத்துப் போனார்கள். நல்ல கோட்டு, நல்ல சிரிப்பு. அவர் பேச ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் தலையாட்டுவதைத் தவிர வேறு வேலை வைத்துக்கொள்ளக் கூடாது.

"சார், வாத்தியங்கள்லயே ஆபத்தானது கிட்டார்தான். கம்பி இருக்கு பாருங்க, கம்பி! அதுமேல பச்சை விரலை வச்சு அழுத்து, அழுத்துன்னு சொல்லி ஒரு காலத்துல சொல்லிக் குடுத்திருக்காங்க. மனசாட்சி இருந்திருக்குமா அவங்களுக்கு? வலிக்கும், சிவக்கும், அப்புறம் தோல் காய்ச்சுப் போகும். அந்தக் கொடுமைக்குப் பேரு பயிற்சி! எங்க நிலையத்துல அந்த வார்த்தையே கிடையாது. எல்லாத்தையும் கருவி பாத்துக்கும். இந்த விரலைத் தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தார். வெண்ணெய்தான்.

"இந்த நிலையத்தை ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இந்த விரல் ஒரு கம்பியைத் தொட்டதில்ல" என்றார் பிரின்சிபால், குரல் தழுதழுக்க.

"ரொம்ப சந்தோஷம் சார். நீங்க ஏதாவது வாசிச்சா கொஞ்சம் கேக்கலாமா?"

பிரின்சிபாலின் முகம் சுருங்கியது. "நான் முறையை உண்டாக்கினவன் சார். வாசிக்கறதெல்லாம் அதுக்கு அடுத்த கட்டம்."

இப்படிச் சொல்லும்போதே எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஆனால் நம் ஆள் கோட்டுப் போட்டவர் எதைச் சொன்னாலும் அதில் ஏதோ இருக்கும் என்று நம்புகிற ஜாதி.

முதல் வகுப்பில் அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துக் கருவிகளை மாட்டினார்கள். இடுப்பில் நிமிர்வுக் கச்சை. கொஞ்சம் கூன் போட்டால் கிர்ரென்று அதிரும். கண்ணில் ஒரு கண்ணாடி. அதில் சுரங்கள் எறும்பு வரிசை மாதிரி ஓடும். விரல்களில் ரப்பர் தொப்பிகள். கிட்டாரின் கழுத்தில் ஒரு கனத்த பெட்டி. அதற்குப் பெயர் தானழுத்தி. அதுவே கம்பிகளை அழுத்தும், அதுவே மீட்டும். மாணவன் பக்கத்தில் இருக்கும் பச்சைப் பொத்தானைத் தொட்டால் போதும். தொடவில்லையென்றால் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அதுவே ஆரம்பித்துவிடும்.

சொல்லிக்கொடுக்க ஒருவர் வருவார் என்று மருந்துக்கடைக்காரர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் வந்தார். எல்லாருடைய பெட்டியையும் திறந்து பேட்டரி மாற்றிவிட்டுப் போனார். அவரைத்தான் மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள், பேட்டரி மாஸ்டர்.

"மாஸ்டர், ஒரு சந்தேகம். இந்த ரெண்டாவது கம்பியை எப்படி..."

"சார், கம்பி பத்தியெல்லாம் எங்கிட்ட கேக்காதீங்க. சார்ஜ் ஏறலன்னா சொல்லுங்க."

பச்சைப் பொத்தானைத் தொட்டார். தானழுத்தி ஏதோ ஒரு பாட்டை மழமழவென்று வாசித்து முடித்தது. எதிரே இருந்த திரையில் பொன் நட்சத்திரங்கள் கொட்டின. "அபாரம்! நீங்கள் ஒரு மேதை!" என்றது திரை.

பக்கத்து நாற்காலியில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தார். அந்த நிலையத்திலேயே மூத்த மாணவர் அவர்தான்.

"எத்தனை நாளா கத்துக்கறீங்க சார்?"

"பல வருஷம் ஆச்சு. பிரமாதமா வந்துட்டேன். இப்பல்லாம் பொத்தானைக்கூட நான் தொடறதில்ல" என்றார் நீதிபதி பெருமையாக.

"வீட்ல வாசிப்பீங்களா?"

"வீட்ல எதுக்கு? வீட்ல நட்சத்திரம் விழாதே."

வாரங்கள் ஓடின. நட்சத்திரங்கள் மூட்டை மூட்டையாகச் சேர்ந்தன. கச்சையைக் கட்டி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்த கணவரைப் பார்த்து, "என்னங்க இது, கிட்டார் கத்துக்கறீங்களா, இல்ல கிணத்துல தூர் வார இறங்கறீங்களா?" என்று மனைவி கேட்டாள். அவர் காதில் வாங்கவில்லை. திரை மேதை என்று சொன்ன பிறகு மனைவி சொல்வது எப்படி ஏறும்?

ஏறுகிற நாளும் வந்தது. மகள் போன் செய்து, "அப்பா, எதுவரைக்கும் வந்திருக்கீங்க? கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க" என்றாள். இவரும் மிடுக்காக உட்கார்ந்து பச்சைப் பொத்தானைத் தொட்டார். தானழுத்தி தனக்குத் தெரிந்த பாட்டை வாசித்தது.

"நல்லா இருக்குப்பா. ஆனா இது இல்லையே. நம்ம மெட்டை வாசிங்க."

அந்த மெட்டு தானழுத்திக்கு எப்படித் தெரியும்? அது எந்தக் கடையிலும் கிடைக்காத மெட்டு. மருந்துக்கடைக்காரர் அவசர அவசரமாகப் பெட்டியைக் கழற்றினார், தொப்பிகளைப் பிடுங்கி எறிந்தார், கம்பியில் விரலை வைத்து மீட்டினார். டொக். இன்னொரு கம்பி. டொக். கதவைத் தட்டுகிற சத்தம்தான் வந்ததே தவிர ஒரு சுரம் வரவில்லை.

"சிக்னல் சரியில்லம்மா, அப்புறம் பேசறேன்" என்று போனை வைத்துவிட்டார். அவமானமாக இருந்தது. மகளிடம் பொய் சொன்னது அதைவிட அவமானமாக இருந்தது. இத்தனை வாரமும் தான் உட்கார்ந்து உட்கார்ந்து ஒரு மெஷினுக்குக் கிட்டார் கற்றுக்கொடுத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வந்த கோபத்தில் நிமிர்வுக் கச்சையைக் கட்டிலுக்கடியில் எறிந்தார். அது அங்கே கிடந்து ராத்திரி முழுக்கக் கிர்ரென்றது.

மறுநாளிலிருந்து கிட்டார் கடைக்குப் போனது. மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும், இருமல் மருந்துப் பெட்டிகள் அடுக்கிய பின்னறையில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். வாயால் "ம்ம்" என்று ஒரு சுரம் முனகுவார். அது எந்தக் கம்பியில், எந்த இடத்தில் ஒளிந்திருக்கிறது என்று ஒவ்வொரு கட்டமாகத் தடவித் தேடுவார். கிடைத்ததை மறுநாள் மறந்துவிடுவார். திரும்பவும் தேடுவார். விரல்நுனி சிவந்தது, கொப்புளித்தது, கத்தியை அழுத்திப் பிடித்தது போல் எரிந்தது. எரிச்சலில் கிட்டாரைத் தூக்கிப் போட்டு உடைக்கலாமா என்று எத்தனையோ தடவை தோன்றியது. வாத்து ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தார்.

"உள்ள யாராவது ஆணி அடிக்கறாங்களா?" என்று தலைவலி மாத்திரை வாங்க வந்தவர் கேட்டார்.

"ஆமா சார். சீக்கிரம் முடிஞ்சிடும். அந்த மாத்திரையை இங்கயே ஒண்ணு போட்டுக்கங்க."

முடியத்தான் நாளானது. ஆனால் ஒரு நாள் முதல் நாலு சுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, கோணல்மாணலாக, மெட்டு மாதிரியே வந்து நின்றன. மருந்துக்கடைக்காரர் பின்னறையில் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தார். பணம் கட்டியாகிவிட்டதே என்ற பாவத்துக்கு மட்டும் நிலையத்துக்கும் போய்வந்தார். அங்கேதான் விவகாரம் ஆரம்பித்தது.

கருவியில் விரலை வைத்தார். "மன்னிக்கவும். விரல் தெரியவில்லை."

துடைத்து வைத்தார். ஊதி வைத்தார். "மன்னிக்கவும். விரல் தெரியவில்லை."

"என்னம்மா இது, விரல் இங்கதானே இருக்கு?"

வரவேற்பறைப் பெண் திரையைப் பார்த்தாள். "நீங்க இன்னிக்கு வரல சார்."

"உங்க முன்னாடி நிக்கறேனே!"

"எனக்குத் தெரியுது சார். சிஸ்டத்துக்குத் தெரியலயே. நான் தனியா உங்களைப் பாத்து என்ன பிரயோஜனம்?"

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஒருநாள்கூடக் கம்பியைத் தொடாத நீதிபதி விரலை வைத்ததும் "வருக வருக!" என்றது. தொடத் தொட விரலில் கோடுகள் தேய்ந்துபோன ஒரே மாணவரைத்தான் வரவில்லை என்றது. அந்தப் பெண் நல்லவள், பாவம். "சார், காப்பாளர் விரல் பதிஞ்சிருக்குல்ல, அவங்களைக் கூட்டிட்டு வாங்க" என்று வழி சொன்னாள்.

அதற்கப்புறம் வகுப்பு நாட்களில் மனைவி அழகு நிலையத்திலிருந்து பாதி வேலையில் எழுந்து ஓடிவந்தாள். "ஒரு மணப்பொண்ணு மூஞ்சில பாதிக்குப் பூசிட்டு அப்படியே விட்டுட்டு வந்திருக்கேன். இன்னும் எத்தனை நாளைக்குங்க இந்தக் கூத்து?" என்று முணுமுணுத்துக்கொண்டே விரலை வைப்பாள். "வருக வருக வருக! ஆஹா!" கதவு திறக்கும், திரை திறக்கும், தானழுத்தி திறக்கும். மருந்துக்கடைக்காரர் போய் நாற்காலியில் உட்காருவார். திரை அவரைப் பார்த்து, "வணக்கம், அம்மா!" என்று நட்சத்திரத்தைக் கொட்டும்.

கல்யாணம் நெருங்கியது. பட்டமளிப்பு விழா வெள்ளிக்கிழமை, கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின வாரம் எல்லா மாணவர்களும் விழாவுக்குமுன் சோதித்து முத்திரை குத்துவதற்காகக் கிட்டாரை நிலையத்தின் அலமாரியில் வைக்க வேண்டும் என்றார்கள். மெட்டு அநேகமாகக் கைக்கு வந்திருந்தது. விழாவில் நாலு பேர் முன்னால் ஒருதடவை வாசித்துப் பார்த்தால் கைநடுக்கம் போகுமே என்று இவரும் நம்பி வைத்தார். அலமாரி டக்கென்று மூடிக்கொண்டது.

மறுநாளே தோல் நல அலுவலர் பூதக்கண்ணாடியோடு வகுப்புக்கு வந்தார். பட்டம் வாங்கப்போகும் விரல்களையெல்லாம் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். நீதிபதியின் விரலைப் பார்த்து, "குழந்தை விரல் சார்!" என்று சிலாகித்தார். மருந்துக்கடைக்காரரின் இடது கையைத் தொட்டதும் சூடான தோசைக்கல்லைத் தொட்டது போல் கையை இழுத்துக்கொண்டார்.

"காய்ப்பு!" என்று கத்தினார். "காய்ப்பு ஏறியிருக்கு! நாலு விரல்லயும்!"

வகுப்பே எழுந்து இரண்டடி தள்ளி நின்றது. "தொத்துமா?" என்று நீதிபதி பயந்துபோய்க் கேட்டார்.

விசாரணைக்கு பிரின்சிபால் அறை. பிரின்சிபால் காய்ப்பைப் பார்க்கச் சக்தியில்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"உண்மையைச் சொல்லுங்க. வீட்ல வாசிச்சீங்களா?"

"வீட்ல இல்ல சார். கடையில."

"தானழுத்தி இல்லாமயா?"

"ஆமா சார்."

"தொப்பி?"

"கழட்டிட்டேன்."

பிரின்சிபால் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "சார், ஒரு ஆள் வெறும் விரலால கிட்டார் கத்துக்கிட்டா, அதைப் பாத்து இன்னொருத்தர் கத்துக்குவார். அவரைப் பாத்து இன்னொருத்தர். எல்லாரும் இப்படிக் கத்துக்கிட்டே போனா, கிட்டார் கல்விங்கறது என்னாகும்? இந்தக் கட்டடம் என்னாகும்? என்னை விடுங்க, பேட்டரி மாஸ்டரை நினைச்சுப் பாத்தீங்களா?"

"தப்புதான் சார். என்னை நிலையத்தை விட்டு எடுத்துடுங்க. கிட்டாரைக் குடுங்க, போயிடறேன். ஞாயித்துக்கிழமை என் பொண்ணுக்குக் கல்யாணம்."

தோல் நல அலுவலர் திரையைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "எடுக்க முடியாது சார். பதிவுப்படி இவர் ரொம்ப நாளா வகுப்புக்கே வரல."

"வராதவரை எப்படி வெளியேத்தறது?" என்று பிரின்சிபால் நியாயம் பேசினார். "முதல்ல முறையா வாங்க. வந்ததும் வெளியேத்திடறோம்."

"நீங்க வெளியேத்த வேணாம், உள்ள வைக்கவும் வேணாம். அலமாரியைத் திறந்து விடுங்க!"

"மாணவர் விரலை வச்சா திறக்கும், இதுக்குக் காப்பாளர் விரல் செல்லாது. உங்க விரலை வைங்க."

வைத்தார். மன்னிக்கவும் என்றது.

பிரின்சிபால் இரக்கத்தோடு ஒரு களிம்புக் குப்பியை எடுத்து மேஜைமேல் வைத்தார். "எங்க நிலையத் தயாரிப்பு. ரெண்டு வாரம் தடவுங்க, கம்பிப் பக்கமே போகாதீங்க. காய்ப்பு உரிஞ்சு பழைய விரல் வந்துடும். அப்புறம் ஜம்முனு வந்து கிட்டாரை எடுத்துட்டுப் போங்க."

பழைய விரல் வந்தால் கிட்டார் வரும், மெட்டு போய்விடும். மெட்டு வேண்டுமென்றால் காய்ப்பு வேண்டும், காய்ப்பு இருந்தால் கிட்டார் கிடையாது. மருந்துக்கடைக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தெரிந்தவரிடம் ஒரு கிட்டாரை இரவல் வாங்கிப் பார்த்தார். அதன் கழுத்து அகலம், கட்டங்கள் வேறு இடத்தில் இருந்தன. அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு கிட்டாரில் அந்த ஒரு மெட்டுதான். மகளும் "என் கிட்டார்ல" என்றுதான் கேட்டிருந்தாள். செருப்புக்கடை மாடிப்படியில் உட்கார்ந்து களிம்புக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டிருந்த அவருக்கு, எவனையாவது நாலு அறை அறைய வேண்டும் போல ஆத்திரமாக வந்தது. யாரை அறைவது? சிஸ்டத்துக்குக் கன்னம் கிடையாதே.

மனைவி தேடிக்கொண்டு வந்து பக்கத்துப் படியில் உட்கார்ந்தாள். முழுக்கதையையும் கேட்டாள். வழக்கமாக நாலு வார்த்தை திட்டுகிறவள், அன்று திட்டவில்லை. "அதைத் தடவிடாதீங்க. வெள்ளிக்கிழமை விழாவுக்குப் போய்ப் பாக்கலாம்" என்று மட்டும் சொல்லிக் குப்பியை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை நிலையத்தின் ஹாலில் தோரணம் கட்டியிருந்தார்கள். மேடையில் மாணவர்கள் கச்சையோடும் தொப்பியோடும் வரிசையாக உட்கார, எல்லாருடைய தானழுத்தியும் ஒரே பாட்டை வாசித்தது. நீதிபதி நடுவில் தூங்கிவிட்டார். அவருடைய கிட்டார்தான் எல்லாவற்றையும்விட நன்றாக வாசித்தது. வராத மாணவரான மருந்துக்கடைக்காரர் கடைசி வரிசையில் மனைவியோடு உட்கார்ந்திருந்தார்.

பிரின்சிபால் மைக்கைப் பிடித்தார். "இந்த வருஷம் எங்க நிலையத்தின் தலைசிறந்த மாணவி! குறைவே இல்லாத வருகை, எண்ண முடியாத நட்சத்திரங்கள், பழுதே இல்லாத தோல்!"

மேடைக்கு அழைக்கப்பட்டவர் மருந்துக்கடைக்காரரின் மனைவி.

"என்னடி இது?" என்று இவர் வாயைப் பிளந்தார். அவளுக்கும் ஒன்றும் புரியவில்லை. ஆனால் பார்லர் நடத்துகிறவளுக்கு எதிரே இருக்கும் முகத்தைப் படிக்கத் தெரியும். சேலையைச் சரிசெய்துகொண்டு நேராக மேடைக்குப் போனாள். பதக்கம் போட்டார்கள். தோல் நல அலுவலர் பூதக்கண்ணாடியில் அவள் விரலைப் பார்த்துக் கண்ணீர் விட்டார். பேசச் சொன்னார்கள்.

"எனக்குப் பொய் சொல்ல வராதுங்க" என்றாள் மைக்கில். "நான் கிட்டார் கத்துக்கவே இல்ல. வாசல்ல விரலை வச்சுட்டு வேலைக்கு ஓடிடுவேன். ஒருநாள்கூட நான் கிட்டாரைத் தொட்டதில்ல."

கைத்தட்டல் பாருங்கள், கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி! நீதிபதி விழித்துக்கொண்டு எழுந்து நின்று தட்டினார். "தொடாமலே!" என்றார் பிரின்சிபால், கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கேட்டீங்களா? தொடாமலே! நான் எத்தனை வருஷமா இதைத்தான் சொல்லிட்டு இருக்கேன்!"

"எல்லாம் சரிங்க, அலமாரியைத் திறக்கலாமா?"

"தாராளமா! அது உங்க அலமாரிதானே!"

விரலை வைத்தாள். "வருக வருக வருக! ஆஹா!" கதவு திறந்தது. கிட்டாரை வெளியே எடுத்து, பதக்கத்தைக் கழற்றிக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு, புருஷனைப் பார்த்து, "எந்திரிங்க போகலாம். பந்தல்காரர் காத்திட்டு இருக்கார்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மண்டபம் நிறைந்திருந்தது. தலைசிறந்த மாணவி வீட்டுக் கல்யாணம் என்று பிரின்சிபால் அழைக்காமலே வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார். மருந்துக்கடைக்காரர் மேடையில் ஒரு சாதாரண நாற்காலியில் கிட்டாரோடு உட்கார்ந்தார். கச்சை இல்லை, கண்ணாடி இல்லை, பொத்தான் இல்லை. முதல் சுரம் டொக் என்றது.

முன்வரிசையில் பிரின்சிபால் "ச்சு ச்சு" என்றார்.

மருந்துக்கடைக்காரர் விரலை எடுத்தார். மகளைப் பார்த்தார். தோளில் கிடந்த அந்தச் சின்ன உடம்பின் கனம் திடீரென்று ஞாபகத்துக்கு வந்தது. திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை சுரம் வந்தது. அடுத்தது வந்தது. நடுவில் ஓர் இடத்தில் விரல் தவறியது. பின்னறையில் எத்தனையோ முறை தவறிய அதே இடம். தவறினால் எப்படி எழுந்து வருவது என்று அவர் விரலுக்குத் தெரிந்திருந்தது. பெரிய சங்கீதம் ஒன்றுமில்லை, ஒரு முனகல்தான். மகள் கண்ணை மூடிக்கொண்டு நீளமாக மூச்சை இழுத்து விட்டாள். மனைவி அழுகிறாள் என்பது மூக்கை உறிஞ்சுகிற சத்தத்தில் தெரிந்தது.

முடிந்ததும் மகள் எழுந்து வந்து அவருடைய இடது கையைப் பிடித்தாள். கட்டைவிரலால் அவர் விரல்நுனிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.

"என்னப்பா இது, இப்படிக் காய்ச்சுப் போயிருக்கு? வலிக்குதா?"

"முன்னாடி வலிச்சுது. இப்ப இல்லம்மா."

அதற்குள் பிரின்சிபால் மேடையேறி வந்துவிட்டார். நேராக மனைவியிடம் போய், "மேடம், திங்கட்கிழமையிலேர்ந்து நீங்க எங்க நிலையத்துல தலைமை ஆசிரியை. மறுக்கக் கூடாது" என்றார்.

"எனக்குக் கிட்டார் தெரியாதுன்னு அன்னிக்கே சொன்னேனே!"

"அதனாலதான் மேடம் கூப்பிடறேன்."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். பிரின்சிபால் இந்தப் பக்கம் திரும்பினார். மருந்துக்கடைக்காரரின் கையைப் பார்த்ததும் அவர் முகத்தில் நிஜமான பரிதாபம் தெரிந்தது. கோட்டுப் பையிலிருந்து இன்னொரு களிம்புக் குப்பியை எடுத்து நீட்டினார்.

"அன்னிக்குக் குடுத்ததைத் தடவலன்னு தெரியுது. சரி போகட்டும். உங்களுக்கு ஆர்வம் இருக்கு சார், அதைப் பாழாக்கிடாதீங்க. ஒழுங்கா இதைத் தடவுங்க, காய்ப்பு போயிடும். அப்புறம் மேடம்கிட்டயே முறையாச் சேந்து முதல்லேர்ந்து கத்துக்கலாம்."

மருந்துக்கடைக்காரர் குப்பியை வாங்கவில்லை. வாங்க ஒரு கை வேண்டுமே. வலது கையில் கிட்டார் இருந்தது, இடது கையை மகள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் மருந்துக்கடை வச்சிருக்கேன் சார்" என்றார். "காய்ப்பு உரியறதுக்கு என் கடையில ஒரு தட்டு நிறைய களிம்பு இருக்கு. நான்தான் எடுத்துப் போட்டுக்கல."